நிகழ்வு ஆய்வு: சத்தத்துக்காக விற்கப்பட்ட ஈசூன் வீடு

வீட்டை விற்க வேண்டும் என்று அழைப்பவர்கள் முதலில் கேட்பது விலையைத்தான். 2023ஆம் ஆண்டு பொங்கல் முடிந்த வாரத்தில் என்னைச் சிங்கப்பூரின் வடக்கே உள்ள ஈசூனுக்கு அழைத்த அம்மா விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. காப்பியை வைத்துவிட்டு உள்ளே போனவர், ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய நாட்காட்டித் தாள்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தேக்காவில் மளிகைக் கடைக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுப்பார்களே, அந்தத் தினசரித் தாள்கள். கிழித்ததை எறியாமல் இரண்டரை ஆண்டுகளாகச் சேர்த்திருந்தார். ஒவ்வொன்றிலும் ராகு காலம், எமகண்டத்துக்குக் கீழே நீல மையில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. “3.10. உருளல். பாண்டான்.” கேக்கில் மணத்துக்குச் சேர்க்கும் இலைதான் பாண்டான். இன்னொன்றில், “2.50. தட்டு விழுந்தது. வெண்ணெய் வாசனை.”

“தம்பி, இதை யாரிடம் கொடுப்பது என்று இத்தனை நாள் தேடினோம். இனிமேல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். வீட்டை விற்றுக் கொடுங்கள்” என்றார்.

சொத்து முகவராக இருக்கும் எனக்கு, பக்கத்து வீட்டுச் சத்தம் தாங்காமல் வீட்டை விற்றவர்கள் புதியவர்கள் அல்லர். இந்த ஒரு விற்பனையை மட்டும் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், இதில் கெட்டவர் என்று கைகாட்ட யாரும் இல்லை. இருந்தும் 32 ஆண்டுகள் வாழ்ந்த வீடு கைவிட்டுப் போனது. எந்த இடத்தில் போனது என்பதைத்தான் இங்கே தேடிப் பார்க்கிறேன். குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கீழ்வீடும் மேல்வீடும்

1991இல் புதிதாக வாங்கிய நான்கறை வீடு. ஐயா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா வீட்டோடு இருப்பவர். மகன், மருமகள், தொடக்கப்பள்ளியில் படிக்கும் பேரன் என மொத்தம் ஐந்து பேர். வாசல் நடைபாதையில் ஒரு தொட்டிக் கறிவேப்பிலை, அதற்குப் பக்கத்தில் துளசி. ஈசூன் தொழிற்பேட்டைக்குள் இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் பங்குனி உத்திரத்துக்கு ஐயா பல ஆண்டுகள் காவடி எடுத்திருக்கிறார். வேறு வட்டாரத்தில் வாழ்வதைப் பற்றி அந்தக் குடும்பம் யோசித்ததே இல்லை.

2018இல் மேல்வீடு கைமாறியது. வந்தவர்கள் அமைதியானவர்கள். மின்தூக்கியில் பார்த்தால் தலையசைப்பார்கள். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாடு முடங்கியபோது மேல்வீட்டுக்காரருக்கு வேலை போனது. அவர் மனைவி கேக் செய்து விற்கத் தொடங்கினார். வீட்டிலிருந்தபடியே சிறிய அளவில் இப்படிச் செய்ய அரசாங்க அடுக்குமாடி வீடுகளைக் கட்டி விற்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் தனி அனுமதி தேவையில்லை. வெளியாட்களை வேலைக்கு வைக்கக்கூடாது, அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரக்கூடாது என்பவை நிபந்தனைகள். காலை எட்டு மணிக்கு வாடிக்கையாளர் கையில் கேக் இருக்க வேண்டும் என்றால் மூன்று மணிக்கு மாவு கலக்க வேண்டும். பெரிய கலவை இயந்திரம் ஒன்று மேல்வீட்டுச் சமையலறைத் தரையில், ஓடுகளின் மேல் நேரடியாக உட்கார்ந்தது.

அந்த இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கின் பாதி அதற்குள் இருக்கிறது. பேச்சும் பாட்டும் காற்றின் வழியாக வருகின்றன. சன்னலை மூடினால் குறையும். தரையில் வைத்துச் சுழலும் இயந்திரத்தின் அதிர்வோ கான்கிரீட்டின் வழியாக வருகிறது. தளத்தில் இறங்கி, சுவரில் பரவி, கீழ்வீட்டுக் கட்டிலின் தலைமாட்டில் வந்து நிற்கிறது. சன்னலை மூடிப் பயனில்லை. காதில் பஞ்சு வைத்தாலும் அடித்தொனி உடம்பில் தெரியும். அடுக்குமாடியில் வாழ்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சொல்லியிருக்கும் “மேலே கோலி உருட்டுகிறார்கள்” என்ற புகார்கூட, பல நேரங்களில் நேர் மேல்வீட்டிலிருந்து வருவதில்லை. கட்டடம் சத்தத்தை எங்கிருந்து எங்கே கொண்டுபோகும் என்று காதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

மகன் கைப்பேசியில் பதிவு செய்து பார்த்தார். எனக்கும் போட்டுக் காட்டினார். மின்விசிறி சுற்றுவதுதான் கேட்டது. கைப்பேசியின் ஒலிவாங்கி பேச்சுக்குரலுக்காகச் செய்யப்பட்டது. அந்த அடி அதிர்வு அதில் ஏறவே இல்லை. “பாருங்கள், இப்போது, இப்போது” என்று அவர் திரையில் விரலை வைத்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நம்மைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. அந்த முகத்துக்காகவே அன்றிரவு அங்கே தங்கினேன். மூன்று மணி தாண்டிச் சில நிமிடங்களில் தலையணைக்குள்ளிருந்து வருவது போல அது தொடங்கியது. பெரிய சத்தம் இல்லை. ஆனால் அது நிற்கும்வரை தூங்க முடியவில்லை. நின்ற பிறகு, மறுபடி எப்போது தொடங்கும் என்று காத்திருந்ததில் தூங்க முடியவில்லை.

துடைப்பக் கட்டை

என் கணக்கில் இந்த வீடு போன நாள், விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட நாள் அல்ல. அது 2020 நவம்பரில் ஒரு விடியற்காலை.

அதுவரை அம்மா ஒரே ஒருமுறை மேலே போய்ப் பேசியிருந்தார். மேல்வீட்டுப் பெண் மன்னிப்புக் கேட்டு, ஒரு பெட்டியில் கேக்கும் கொடுத்து அனுப்பினார். பத்து நாள் குறைந்திருந்த சத்தம் தீபாவளி நெருங்கியதும் கூடியது. அன்று விடியற்காலையில் ஐயா துடைப்பத்தை எடுத்து, அதன் கட்டையால் கூரையை ஏழெட்டு முறை ஓங்கி இடித்தார். சாந்து உதிர்ந்து அடுப்பின் மேல் விழுந்தது. மேலே இயந்திரம் நின்றது. ஒரு நிமிடம் கழித்து, குதிகாலால் தரையில் மிதிக்கும் சத்தம் ஏழெட்டு முறை பதிலாக வந்தது.

அன்றோடு அது சத்தமாக இருப்பது நின்று பகையாக மாறிவிட்டது. அதற்கு முன் “அவர்கள் வேலை செய்கிறார்கள்” என்றிருந்தது, அதற்குப் பின் “நம்மை வேண்டுமென்றே எழுப்புகிறார்கள்” என்றானது. தட்டு தவறி விழுந்தாலும் அது செய்தியாகவே கீழே கேட்டது. அம்மாவின் தாள்களிலும் இந்த மாற்றம் தெரிகிறது. நவம்பருக்கு முந்தைய குறிப்புகளில் நேரமும் வாசனையும் மட்டுமே இருக்கின்றன. பிந்தையவற்றில் “வேண்டுமென்றே” என்ற சொல் வரத் தொடங்குகிறது.

மேல்வீட்டாரும் சும்மா இருக்கவில்லை. கீழ்வீட்டில் விடியற்காலை ஐந்தரைக்கு இட்லி மாவு அரைக்கும் கிரைண்டர் ஓடுகிறது, பூசை மணி அடிக்கிறது என்று அவர்கள் பக்கமிருந்தும் புகார் போனது. அம்மா இதை என்னிடம் சொன்னபோது குரல் உயர்ந்தது. “முப்பது வருடமாக அரைக்கிறேன், ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.” அவர் சொன்னது உண்மை. அதே நேரத்தில் அந்தக் கிரைண்டரும் தரையோட்டின் மேல் நேரடியாகத்தான் உட்கார்ந்திருந்தது. அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது என்று நான் வெகுநேரம் யோசித்து, கடைசியில் சொல்லாமலே விட்டேன். இன்று அதற்காக வருந்துகிறேன்.

சமரசம்

நகர மன்றம், குடியிருப்பாளர் குழு, நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு என்று எல்லாப் படிகளும் ஏறி, 2021இல் இரு வீட்டாரும் சமூக சமரச நிலையத்துக்குப் போனார்கள். 1998 முதல் இயங்கும் நிலையம் அது. பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் நடுவில் அமர்ந்து பேசவைப்பார்கள். தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். அங்கே பேசியது வெளியே வரக்கூடாது என்பது விதி. குடும்பம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியிலிருந்து பார்க்க முடிந்தது இவ்வளவுதான்: மேல்வீட்டு இயந்திரத்துக்குக் கீழே தடித்த ரப்பர் விரிப்பு வந்தது, கீழ்வீட்டுக் கிரைண்டர் மாலைக்கு மாறியது.

பதினொரு வாரம் அந்தத் தாள்கள் வெறுமையாக இருந்தன. நான் எண்ணிப் பார்த்தேன். எனவே இது தீர்க்க முடியாத சிக்கல் இல்லை. ஒரு விரிப்பால் தீர்கிற அளவுக்குத்தான் இருந்தது. பிறகு கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டுக் காலத்தில் இரண்டாவது இயந்திரம் வந்தது. அதற்கு விரிப்பு இல்லை. ஐயா மறுபடி துடைப்பத்தை எடுத்தார்.

இரண்டாம் முறை சமரசத்துக்கு அழைத்தபோது மேல்வீட்டார் வரவில்லை. அப்போது அது இருதரப்பும் விரும்பி வந்தால்தான் நடக்கும். இன்று நிலைமை வேறு. 2024 நவம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத் திருத்தம், அண்டை வீட்டுப் பூசலில் சமரசத்துக்குக் கட்டாயமாக வரச்சொல்ல வழிவகுத்தது. கடுமையான ஒலித் தொல்லைகளை நேரில் விசாரிக்க அதிகாரம் கொண்ட ஒரு தனிப் பிரிவு 2025இல் தெம்பனிஸ் வட்டாரத்தில் முன்னோட்டமாகத் தொடங்கியது. தேவைப்பட்டால் ஒலியுணர் கருவி வைக்கவும் அதற்கு இடமுண்டு. கைப்பேசித் திரையில் விரலை வைத்து “இப்போது, இப்போது” என்று சொன்ன அந்த மகனுக்கு அப்படி ஒரு கருவி கிடைத்திருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

வழக்குப் போடுவதா, விற்பதா

2015 அக்டோபரிலிருந்து இதற்கென்றே நடுவர் மன்றம் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் அல்லது 100 மீட்டருக்குள் வசிப்பவர் மீது மனுச் செய்யலாம். கட்டணம் 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வழக்கறிஞர் இல்லாமல் அவரவரே பேச வேண்டும். 20,000 வெள்ளி வரை இழப்பீடு, தொல்லையை நிறுத்தும் உத்தரவு, மன்னிப்புக் கேட்கும் உத்தரவு ஆகியவற்றை மன்றம் வழங்கலாம். உத்தரவை மீறிக்கொண்டே இருப்பவரைக் குறிப்பிட்ட காலம் வீட்டைவிட்டே வெளியேற்றவும் சட்டத்தில் இடமுண்டு.

மகன் மனுவை நிரப்பிவிட்டார். ஐயா கையெழுத்திடவில்லை. “நான் கட்டையால் இடித்ததை அவர்களும் சொல்வார்கள். பொய் சொல்ல எனக்கு வராது” என்றார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனாலும் மனுவைப் போட்டிருக்கலாம் என்பதே என் கருத்து. இடித்ததை ஒப்புக்கொண்டு, தாள்களை வரிசையாக வைத்து, விரிப்பு இருந்த பதினொரு வாரத்தையும் காட்டியிருந்தால், இரண்டாவது விரிப்புக்கு ஓர் உத்தரவு கிடைத்திருக்கக்கூடும். அவர்கள் கேட்டதும் அதற்குமேல் எதுவுமில்லை.

முடிவைத் திருப்பியது பேரன். 2023 அவனுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு ஆண்டு. டிசம்பர் விடுமுறையில் தாய்வழிப் பாட்டி வீட்டில் ஒரு வாரம் தங்கிய பையன், திரும்பி வரும் நாளில் செருப்பை மாட்டிக்கொள்ளாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டான். “அங்கே போனால் தூக்கம் வராது” என்று மட்டும் சொன்னான். யார் செய்தது தவறு என்ற கேள்வியை இரண்டு ஆண்டுகளாக வைத்துப் போராடிய குடும்பத்தின் முன்னால், இந்த வீட்டில் இனித் தூங்க முடியுமா என்ற வேறொரு கேள்வியை அவன் வைத்தான். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். முதலாவதற்கு விடை கிடைக்கும்வரை இரண்டாவதைத் தள்ளிப்போட்டதுதான் பெரியவர்கள் செய்த பிழை என்று நினைக்கிறேன். இதைச் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் நியாயம் கேட்பதை விட்டுவிடு என்று யாருக்கும் அறிவுரை சொல்ல எனக்கு மனமில்லை.

விற்க முயன்றபோது

வீட்டைப் பட்டியலிடுவதற்கு முன் நான் செய்யும் முதல் வேலை, புளோக்கின், அதாவது அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின், இன விகிதத்தைப் பார்ப்பது. 1989 மார்ச்சில் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு உண்டு: சீனருக்கு 87 விழுக்காடு, மலாய்க்காரருக்கு 25, இந்தியருக்கும் மற்றவர்களுக்கும் 15. நிலவரம் மாதத்தின் முதல் நாளில் புதுப்பிக்கப்படும். இந்த புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்திருந்தது. அதாவது சீனர் ஒருவர் தம் வீட்டை இன்னொரு சீனருக்கு விற்கலாம். இந்தியக் குடும்பம் சீனருக்கு விற்க முடியாது. வாங்கக்கூடியவர்களில் பெரும்பங்கினர் ஒரே நாளில் இல்லாமல் போனார்கள்.

இனவாரியாகத் தனித்தனிக் குடியிருப்புகள் உருவாகாமல் இருக்க வந்த கொள்கை இது. அதன் பயனை நானே அனுபவித்து வளர்ந்தவன். அதன் விலையைச் சிறுபான்மையினர் விற்கும் நேரத்தில் செலுத்துகிறார்கள் என்பதும் உண்மை. 2022 மார்ச்சில் ஒரு நிவாரணம் வந்தது: பத்து ஆண்டுகளாவது உரிமையாளராக இருந்து, ஆறு மாதம் முயன்றும் விற்க முடியாதவர்களின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்க உதவும். அந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதே ஐயாவுக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

அதே அடுக்கமைப்பு, இரண்டு மாடி வித்தியாசம். ஒரு சீனக் குடும்பத்தின் வீடு அந்த ஆண்டில் போன விலைக்கும் இவர்களுக்கு வந்த நல்ல விலைக்கும் நடுவே ஏறத்தாழ 40,000 வெள்ளி இடைவெளி. இதோடு முகவர் தரகு, புதிய வீட்டுக்கு முத்திரை வரி (5 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 9,600 வெள்ளி), வீடு மாற்றும் செலவு, புதுப்பிப்புச் செலவு. ஐயா வீடு வாங்கத் தம் சேம நிதியிலிருந்து (ஓய்வுக்காலத்துக்கான கட்டாயச் சேமிப்பு) எடுத்த அசலும், அதற்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காடு ஏறிய வட்டியும் விற்ற பணத்திலிருந்து அவர் கணக்குக்கே திரும்பிப் போகும். அவர் பணம்தான், ஆனால் எல்லாம் உடனே கையில் வந்துவிடாது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் யோசியுங்கள் என்றேன். மறுநாள் காலை அம்மா அழைத்தார். “யோசித்துவிட்டோம், தம்பி. மூன்று மணிக்கு.”

இனி, வாங்க வருகிறவரிடம் சத்தத்தைச் சொல்வதா? மகன் வேண்டாம் என்றார். கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், கேட்காவிட்டாலும் நானே சொல்வேன் என்றேன். சொல்லாமல் விற்றால் அதே தாள்களை இன்னொரு தாய் எழுதத் தொடங்குவார். அதைவிட நல்ல வழி ஒன்று இருந்தது. வீட்டின் சத்தம் எந்த நேரத்தில் வருகிறது என்பது அம்மாவின் தாள்களால் எனக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த நேரத்தில் தூங்காத ஒருவர்தான் எனக்குத் தேவை. அப்போதிருந்து, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் முதலில் அவர்களுடைய வேலை நேரத்தைக் கேட்டேன்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு மலாய்த் தம்பதியர் வந்தார்கள். கணவருக்குச் சாங்கி விமான நிலையத்தில் இரவுப் பணி. மனைவி வைகறைத் தொழுகைக்கு எப்படியும் எழுகிறவர். அம்மா அவர்களைச் சமையலறைக்கு அழைத்துப் போய், கூரையில் சாந்து உதிர்ந்த இடத்தைக் காட்டி, நடந்ததைத் தமிழும் மலாயும் கலந்து சொன்னார். தம் கணவர் இடித்ததையும் மறைக்கவில்லை. அந்தப் பெண் கேட்டுவிட்டு, கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். “பரவாயில்லை, மக்சிக்” என்றார். மலாயில் வயதில் மூத்த பெண்ணை அப்படித்தான் அழைப்பார்கள். விலை கொஞ்சம் குறைத்துக் கேட்டார்கள். ஐயா பேரம் பேசவில்லை.

அதன் பிறகு நடந்தவை வழக்கமானவை: 1,000 வெள்ளிக்கு விருப்பப் பத்திரம் (வீட்டை வாங்கும் உரிமையை ஒதுக்கி வைக்கும் பத்திரம்), 21 நாள் அவகாசம், விண்ணப்பம் ஏற்கப்பட்டுச் சுமார் எட்டு வாரத்தில் ஒப்படைப்பு. பேரனின் தேர்வு முடியும்வரை தங்கிக்கொள்ள வாங்கியவர்கள் இசைந்தார்கள். அதிகபட்சம் மூன்று மாதம் வரை விதி அதற்கு இடம்தருகிறது. செங்காங்கில் மேலே யாரும் இல்லாத கடைசி மாடியில் வீடு கிடைத்தது. ஐயாவுக்கு அங்கே அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு மட்டும் ஈசூனுக்கே வருகிறார். புதிய வீட்டில் கிரைண்டரை வைப்பதற்கு முன்னால் மருமகள் கீழே ரப்பர் விரிப்பு போட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வீட்டை வாங்கிய பெண் 2024 நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஓர் ஆவணம் தொடர்பாக என்னை அழைத்தார். பேச்சுக்கு நடுவே, பெருநாள் காலையில் மேல்வீட்டுக்காரர் ஒரு பெட்டி கேக் கொண்டுவந்து கொடுத்தார் என்றும், சத்தம் இருக்கத்தான் செய்கிறது என்றும் சொன்னார். அடுத்த முறை செங்காங் போனபோது அம்மாவிடம் இதைச் சொல்லலாமா என்று தயங்கி, சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. சற்று நேரம் கழித்து, “என்ன கேக்?” என்று கேட்டார்.

“பாண்டான்” என்றேன்.